எட்டரை மணிக்கு முன்னால் பெய்த மழை

இலங்கையின் மலையகத்தில் மழையை அளப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் காரியாலயங்களில் மழைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. காலையில் மழைமானியில் தேங்கிய தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, தேதிக்கு நேரே மில்லிமீற்றரை எழுதிவிடுவார்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழைநாளும் காலை எட்டரைக்குத் தொடங்கி மறுநாள் எட்டரைக்கு முடிகிறது. உரம் எப்போது போடலாம், கொழுந்து எப்படி வரும் என்று பார்க்க நாளுக்கு அந்த ஓர் எண் போதும்.

மலை சரியுமா என்று பார்க்க அது போதாது. 2014 ஒக்டோபர் 29 அன்று காலை ஏழரை மணியளவில், பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களை மூடியது. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் மக்கள் ஏன் அங்கேயே விடப்பட்டார்கள் என்ற கேள்வி இன்றும் ஆறவில்லை, ஆறவும் கூடாது. அதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் நாள் எட்டரைக்குப் பின் பெய்த மழையெல்லாம் எண்ணாகிக் கணக்கில் ஏறுவதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே மலை இறங்கிவிட்டது.

மண்சரிவு எச்சரிக்கை விடுப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். அதன் அளவுகோலில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் சிவப்புத்தான். சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேறு என்று பொருள். மண் துகள்களுக்கு இடையிலுள்ள துளைகளில் நீர் நிரம்ப நிரம்ப அதன் அழுத்தம் கூடி, துகளோடு துகள் உராயும் பிடிப்பு குறைகிறது. சரிவைத் தாங்கி நிற்பது அந்தப் பிடிப்புத்தான். ஆகவே தெரிய வேண்டியது இந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி 24 மணித்தியாலம் பெய்த மழை. அந்தக் கணக்குக்கு எட்டரை என்ற எல்லை கிடையாது.

தானியங்கி மழைமானி வந்தபின் இதை அறிய முடிகிறது. பரவலாகப் பயன்படும் வகையின் மூடியைக் கழற்றினால், புனலுக்கு நேர் கீழே இரண்டு சிறு கிண்ணங்கள் ஏற்ற இறக்கப் பலகை போல ஓர் அச்சில் நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று நிரம்பியதும் சாய்ந்து கொட்டும். மற்றது மேலே வந்து புனலுக்கு வாய் காட்டும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் ஆளியருகே கடந்துபோக ஒரு மின்துடிப்பு எழும். கருவியைப் பொறுத்து ஒரு சாய்வு 0.2 அல்லது 0.5 மில்லிமீற்றர் மழை. அந்த எண்ணிக்கை தொலைபேசி வலையமைப்பு வழியே தூரத்துக் கணினிக்குப் போகிறது.

அங்கே போய்ச் சேரும்போது அதன் வடிவம் மிக எளியது: எந்த மானி, எந்த நேரம், எவ்வளவு. உலகெங்கும் கிளவுட் நிறுவனங்கள் தம் கணினிகளைக் கண்காணிக்கச் சேமிக்கும் அளவுகளும் இதே வடிவம்தான். சேவையகத்தின் சூடும் தோட்டத்து மழையும் அங்கே ஒரே சாதி. இத்தகைய காலத்தொடர்களைச் சேமிக்கும் ப்ரோமீத்தியஸ் போன்ற மென்பொருள்களுக்குத் தனி வினவல் மொழி உண்டு. அதை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர். தரவுத்தளங்களின் பொது வினவல் மொழியான எஸ்கியூஎல் தெரிந்தவர்களோ ஏராளம். ஐபிஎம்மின் சம்பர்லினும் பாய்ஸும் 1974இல் வெளியிட்ட அந்த மொழி இன்று பாடசாலை வரைக்கும் வந்துவிட்டது.

இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் தரவு இணைப்பான். பல தரவு மூலங்களை எஸ்கியூஎல்லில் கேட்க வழிசெய்யும் ட்ரினோ என்ற மென்பொருளின் ப்ரோமீத்தியஸ் இணைப்பானை எடுத்துக்கொண்டால், அது ஒவ்வோர் அளவையும் அடையாளங்கள், நேரம், மதிப்பு என்ற மூன்று நெடுவரிசை அட்டவணையாகக் காட்டும். உண்மையில் அப்படி ஓர் அட்டவணை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. நாம் கேட்கும் கணத்தில் அது உருவாகிறது. நேற்று முதல் இன்று வரை என்று கேட்டால், நல்ல இணைப்பான் அந்த நேர வரம்பை மூலத்துக்கே அனுப்பி, அந்தத் துண்டை மட்டும் வாங்கி வரும். மோசமானது வருடக் கணக்கில் உள்ளதையெல்லாம் இழுத்து வந்து பிறகு சலிக்கும். அடைமழை இரவில் அந்தத் தாமதம் பெரிய விஷயம்.

இப்போது அந்த 24 மணித்தியாலக் கேள்விக்கு வருவோம். அதிகாலை இரண்டு மணிக்கும் எட்டுக்கும் இடையில் 80 மில்லிமீற்றர், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துக்குள் இன்னொரு 80 என்று வைத்துக்கொள்வோம். எட்டரையை எல்லையாக வைத்து நாள்வாரியாகக் கூட்டச் சொன்னால் இரண்டு நாளுக்கும் தலா 80. இரண்டும் மஞ்சள். அதே தரவில், ஒவ்வொரு வரிக்கும் முந்திய 24 மணித்தியாலத்தைக் கூட்டு என்று நகரும் சாளரமாகக் கேட்டால், மாலை ஐந்துக்கு 160 என்று வருகிறது. சிவப்பு. எஸ்கியூஎல்லின் 2003ஆம் ஆண்டுத் தரத்தில் இந்தச் சாளர வசதி உண்டு. சராசரி கேட்பது இதைவிட ஆபத்து. ஒரு மணித்தியாலத்தில் கொட்டிய 75 மில்லிமீற்றரை நாள் முழுதும் பரப்பினால் மணிக்கு 3 சொச்சம், வெறும் தூறல். பழைய அளவுகளைச் சராசரியாகச் சுருக்கிவைக்கும் கண்காணிப்பு அமைப்புகளில் இந்தக் கொட்டு தடமின்றிப் போய்விடும்.

எஸ்கியூஎல் வழியே கேட்பதன் முழுப் பலன் வேறு அட்டவணைகளைச் சேர்க்கும்போது தெரியும். எந்தச் சரிவில் எந்த லயம், எத்தனை குடும்பம், யாருடைய தொலைபேசிக்கு அழைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்தால், அதை மழையோடு இணைத்து ஒரே கேள்வியில் வாங்கிவிடலாம். மழையின் எண் அப்போதுதான் மனிதர்களின் முகவரியைத் தொடுகிறது.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது இந்த இணைப்பில் உள்ள ஒரு குழி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டபோது மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் அறுந்தன. அப்படியான நேரத்தில் ஒரு மானி பேசாமல் போனால் அட்டவணையில் சுழியம் விழாது, வரியே விழாது. 'சம்' என்ற கூட்டல் வராததை விட்டுவிட்டு வந்ததை மட்டும் கூட்டி, 40 மில்லிமீற்றர் என்று அமைதியாகச் சொல்லும். எதுவுமே வராவிட்டால் விடை 'நல்', அதாவது தெரியாது. அது 150க்கு மேலா என்று கேட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. தெரியாது என்றே வரும். தெரியாது என்று வந்த வரியை எஸ்கியூஎல் விடையிலிருந்து நீக்கிவிடும். மிக மோசமான மழையில் நிற்கும் லயம், ஆபத்துப் பட்டியலில் பெயரே இல்லாமல் போகும் விதம் இதுதான்.

எனவே இணைப்பை மழையிலிருந்து தொடங்காமல் லயங்களின் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். இடது இணைப்பு என்ற வகையில் பட்டியலின் ஒவ்வொரு லயமும், மழை வந்தாலும் வராவிட்டாலும், பிறகு மழை அளவை வைத்து வரிகளை வடிகட்டாத வரை விடையில் நிற்கும். கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டிய பதிவுகள் எத்தனை, வந்தவை எத்தனை என்று இரண்டு நெடுவரிசைகளும் வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று அனுப்பும் மானி நாளுக்கு 144 பதிவு தர வேண்டும். 60தான் வந்திருக்கிறதென்றால் அதன் 40 மில்லிமீற்றரை நம்ப முடியாது. பக்கத்துச் சரிவின் மானி சிவப்பைத் தொட்டிருந்தால் இதையும் சிவப்பாகவே எடுத்து, அந்த லயத்துக்கு விளங்கும் தமிழில், இருட்டுவதற்கு முன்னால் சொல்லியனுப்ப வேண்டும்.