தைப் பட்டமும் கொல்லைத் தோட்டமும்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியை நம்மில் அறியாதார் இல்லை. ஆயின் தைப் பட்டத்தைத் தேடுவோர் சிலரே. பொங்கல் கழிந்ததும் கொல்லையைக் கொத்த வேண்டுமென எண்ணுகிறோம். அறுவடை, தறிவேலை, திருவிழா என்று நாள் நகர்ந்துவிடுகிறது. பங்குனிக் கடைசியில் விதையை ஊன்றிவிட்டு, "கொடியில் பூ நிறைய இருக்கிறது, பிஞ்சைக் காணோம்" என்று விதையைக் குறை கூறுகிறோம். குற்றம் பெரும்பாலும் விதையினுடையதன்று, ஊன்றிய நாளினுடையது.

சுரை, பாகல், பூசணி முதலிய கொடிகள் ஆண் பூவையும் பெண் பூவையும் தனித்தனியே பூப்பன. பகல் நீண்டு வெப்பமும் மிகுமாயின் ஆண் பூக்கள் பெருகும். பெண் பூக்கள் அருகும். ஆகவே மே மாதத் தொடக்கத்தில் வரும் அக்கினி நட்சத்திரத்தை எல்லையாக வைத்துப் பின்னோக்கி நாள் எண்ணுதல் வேண்டும். தை 15-ஆம் நாளையொட்டி ஊன்றிய வெண்டை ஏறத்தாழ 45 நாளில், பங்குனி பிறக்கும்போது முதற்காய் தரும். 90 முதல் 100 நாளில், அக்கினி தொடங்கும் வேளையில், பெரும்பகுதி காய்த்து முடிந்துவிடும். பங்குனிக் கடைசியில் ஊன்றியதோ கிணற்றில் நீர் வற்றும் வேளையில்தான் பூக்கத் தொடங்கும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒருவர் நாள்தோறும் கீரை உட்பட 400 கிராம் காய்கறி உண்ணுதல் நலம். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது 1,600 கிராம் ஆகும். கூலி குறைந்த வாரத்தில், அல்லது சந்தையில் விலை ஏறிய வாரத்தில், தட்டில் முதலில் குறைவது காய்தான். அக்குறையை முழுதும் நீக்க இயலாவிடினும், ஒரு பகுதியைக் கொல்லை ஈடுசெய்யும்.

இனிச் செய்முறையைக் காண்போம். மக்கிய தொழுவுரம் கலந்து பாத்தி அமைத்து, முதலில் முளைக்கீரையைத் தூவுக; 25 நாளில் அது சமையலுக்கு வந்துவிடும். வெண்டையை வரிசைக்கு வரிசை ஒன்றரை அடியும் செடிக்குச் செடி ஓரடியும் விட்டு ஊன்றுக. கத்தரியை மார்கழியிலேயே நாற்றுவிட்டு, 30 முதல் 35 நாள் வயதில் இரண்டடி இடைவெளியில் நடுதல் வேண்டும். வேலியோரம் ஒன்றரை அடிக் குழி எடுத்து, எருவிட்டு, சுரைக்கும் பாகலுக்கும் குழிக்கு நான்கு விதை இட்டு, முளைத்தபின் வலுவான இரண்டை மட்டும் விட்டுவைத்துப் பந்தலில் ஏற்றுக.

பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும், அடையாளம் அதுவே. வண்டு வாராத இடங்களில் ஆண் பூவைக் கொய்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே தடவினால் காய் பிடிக்கும். பூசணியும் பாகலும் விடியலில் மலர்வன. சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்வன. அவ்வவ்வேளையிலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

பூச்செடிகளை வீண் என்று ஒதுக்க வேண்டா. கத்தரிக்கு இடையே செண்டுமல்லியை நட்டால், அதன் வேர் மண்ணிலுள்ள வேர்முடிச்சு நூற்புழுக்களைக் குறைக்கும். பூவும் பூசைக்கு உதவும். கார்த்திகையில் கவாத்து செய்த குண்டுமல்லி பங்குனியில் பூக்கத் தொடங்கும்.

வெண்டை இலையின் நரம்பு மஞ்சளித்தால் அச்செடியைத் தாமதமின்றிப் பிடுங்கி அகற்றுக. அந்நோயை வெள்ளை ஈயே செடிக்குச் செடி பரப்புகிறது. லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளித்தால் ஈ குறையும்.

நீரைப் பற்றி ஒரு சொல். அரிசி, காய் கழுவிய நீரைப் பாத்திக்கு விடலாம். செடியின் அடியில் வைக்கோலோ சருகோ பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் சாயம் தோய்த்த நீரை ஒரு வாளியும் ஊற்றலாகாது. அதிலுள்ள உப்பும் இரசாயனமும் மண்ணைக் கெடுக்கும். நொய்யலின் குறுக்கே பாசனத்திற்கென எழுப்பப்பெற்று 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியதால் உழவர்க்கே துன்பமாயிற்று. தறிக்கும் ஏருக்கும் நடுவே வாழும் நாம் அப்பாடத்தை மறத்தலாகாது.

விதைப் பொட்டலம் ஒன்று பெரும்பாலும் ஒரு வீட்டின் தேவைக்கு மிகுதியாகவே இருக்கும். நான்கு வீட்டார் கூடி, ஆளுக்கொரு விதை வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும், வகையும் பெருகும். கூட்டுறவு என்பது சங்கக் கட்டிடத்தில் மட்டும் நிகழ்வதன்று. பொங்கல் கழிந்த முதல் ஓய்வுநாளிலேயே அண்டை வீட்டாருடன் அமர்ந்து, எவர் எதை வாங்குவது என்று முடிவு செய்வோமாக.