கூரை மேல் ஒரு மின்சார நிலையம்

வீட்டில் விளக்கு அணைந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறோம். எதிர் வீட்டிலும் இருட்டு என்றால் மனசுக்கு ஓர் ஆறுதல்! தெருவுக்கே பொதுவான கஷ்டம், வாரியக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வாரியமும் கம்பமும் கம்பியும் எட்டியே பார்க்காத வீட்டில் இருக்கிறவள் என்ன செய்வாள்? தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டியதுதான். வேடிக்கை இல்லை, அம்மணி! கூரை மேல் சூரியத் தகடு, மூலையில் பாட்டரி என்று அங்கங்கே மின்சாரம் பண்ணிக்கொள்ளும் சாமான்களின் வியாபாரம் இன்று உலகெங்கும் கோடிக்கணக்கில் நடக்கிறது. அது எப்படி ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறது என்று தெரிய வேண்டுமானால், வங்காள தேசத்துக்கு ஒரு நடை போய் வர வேண்டும்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவருக்குத்தான் மின்சாரம். கிராமத்து வீடுகளில் ‘குப்பி’ என்னும் சின்ன மண்ணெண்ணெய் விளக்கு. வெளிச்சம் கொஞ்சம், புகை ரொம்ப. அடுப்பங்கரையில் இருப்பவளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கும் குழந்தைக்கும் இரண்டு புகையும் சேர்ந்து கிடைக்கும்.

1996-இல் தொடங்கிய ‘கிராமீன் சக்தி’ என்ற ஸ்தாபனம் இந்த வீடுகளுக்குச் சூரியத் தகடு விற்கப் புறப்பட்டது. 2003-இல் ‘இட்கால்’ என்ற அரசாங்க நிதி நிறுவனம், உலக வங்கியின் உதவியோடு பெரிய திட்டமாகவே ஆரம்பித்தது. இனாம் கிடையாது. விலையில் பத்து, பதினைந்து சதவிகிதத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும். மீதியை மாதத் தவணையில், பெரும்பாலும் மூன்று வருஷத்துக்குள். தவணை கட்டும் பணம் மண்ணெண்ணெய்க்குச் செலவான பணத்துக்கு அதிக தூரத்தில் இல்லை. இந்தக் கணக்கு எந்தக் குடும்பத் தலைவிக்குத்தான் புரியாது?

பட்டணத்தில் குளிர்சாதனப் பெட்டி ஓட்டுகிற நமக்கு அந்தத் தகட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். 20 வாட், 50 வாட், அவ்வளவுதான்! ஆனால் இரண்டு மூன்று விளக்கு எரியும். கைபேசிக்கு உயிர் ஏற்றலாம். கொஞ்சம் பெரிய தகடானால் சின்னத் தொலைக்காட்சியும் பார்க்கலாம். பாட்டரி அளவுக்கு மிஞ்சி நிரம்பாமலும் அடியோடு வற்றாமலும் காவல் காக்க ஒரு சிறு பெட்டி உண்டு. அந்தப் பெட்டிகளைப் பூட்டவும் ரிப்பேர் செய்யவும் கிராமத்துப் பெண்களுக்கே கிராமீன் சக்தி பயிற்சி தந்தது. எனக்கு இந்த ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் பிடித்தது.

2008-க்குள் 50,000 வீடுகள் என்று போட்ட திட்டம், 2005-இலேயே நிறைவேறிவிட்டது. அதற்குள் சீனத் தொழிற்சாலைகள் தகடுகளை வண்டி வண்டியாகச் செய்து தள்ள, உலகச் சந்தையில் விலை சரிந்தது. 2013-இல் மாதம் 50,000 வீடுகளுக்கு மேல் மாட்டினார்கள். மொத்தம் 41 லட்சம் வீடுகள், சுமார் 2 கோடி ஜனங்கள். உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு பெரிய அளவில் நடந்ததில்லை என்கிறார்கள்.

பிறகு வந்தது சோதனை. அரசாங்கம் இன்னொரு திட்டத்தில் ஏழைகளுக்கு இதே தகட்டை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. வாரியத்துக் கம்பியும் மளமளவென்று ஊருக்குள் நுழைந்தது. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி இரண்டு வருஷமாகத் தவணை செலுத்தியவள், பக்கத்து வீட்டுக்குச் சும்மா வந்ததைப் பார்த்தால் மூன்றாம் வருஷம் பணம் கட்டுவாளா? பலர் நிறுத்திவிட்டார்கள். கடன் கொடுத்த ஸ்தாபனங்கள் தத்தளித்தன. 2018-இல் திட்டம் முடிந்தது. 2022 மார்ச்சில் நாடு முழுவதற்கும் மின்சாரம் எட்டிவிட்டதென்று அரசாங்கம் அறிவித்தது. அதிலும் ஆற்று நடுவே இருக்கும் சில மணல் திட்டுகளுக்குச் சூரியத் தகடுதான் கைகொடுத்தது.

தோல்வி என்று சிலர் சொல்லலாம். குப்பி விளக்கில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த குழந்தைகள் பத்து வருஷம் முன்கூட்டியே வெளிச்சத்தில் படித்தார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு சமாசாரம். 2015 வாக்கில் ஷரியத்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், ‘ஸோல்ஷேர்’ என்ற டாக்கா நிறுவனம் வீட்டுக்கு வீடு மெல்லிய கம்பி இழுத்துத் தகடுகளை இணைத்தது. மிஞ்சுகிற மின்சாரம் அடுத்த வீட்டுக்குப் போகும்; அதற்கான காசு கைபேசி வழியாக இந்த வீட்டுக்கு வரும். ஒரு டம்ளர் சர்க்கரை கடன் வாங்கிப் போகிற பக்கத்து வீட்டு மாமி, அதை அன்றைக்கே திருப்பித் தந்தது போல!