சோளம் போட்டா பீர் வருமா, கூழ் வருமா?

மெல்போர்ன்ல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சொந்த ஊர் அருப்புக்கோட்டை பக்கம். வீட்டுத் தேவைக்கு பீர் காய்ச்ச ஆஸ்திரேலியாவில் அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம், அதனால இங்கே யாரும் முயற்சி பண்ண வேண்டாம்.

திருச்சுழி கரிசல்ல விளையுற சோளம் ஞாபகத்துக்கு வந்து, பார்லி மால்ட்டுக்குப் பதிலா முழுக்கச் சோள மால்ட்டே போட்டிருக்கார். கிடைச்சது இனிப்பே ஏறாத கொழகொழ கூழ். "எங்கே தப்பு பண்ணேன்?"னு கேட்டார்.

பீர்ல அதிகமாப் போடுற தானியம்தான் பேஸ் மால்ட். அதுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, மாவுச்சத்து தரணும். ரெண்டு, அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கிற நொதிகளையும் தரணும். ஏன்னா ஈஸ்ட் மாவைத் தின்னாது, சர்க்கரையைத்தான் தின்னும். தானியத்தை முளைகட்டுறதே இந்த நொதிக்காகத்தான்.

பார்லி மாவு ஏறக்குறைய 60-65 டிகிரி சூட்டிலேயே இளகிடும். நொதிகளும் அந்தச் சூட்டில் நல்லா வேலை செய்யும். சோள மாவு இளக 70 டிகிரிக்கு மேல வேணும். அதுக்குள்ள பீட்டா அமிலேஸ்ங்கிற முக்கியமான நொதி செத்துப்போகும். போதாக்குறைக்குச் சோளத்தில் அது கம்மிதான். பூட்டு திறக்கிற நேரத்தில் ஆள் இல்லாத கதை.

வழி என்ன? பாதிக்குப் பாதி பார்லி மால்ட் வைங்க. சோளத்தைத் தனியா வேகவெச்சு, 65 டிகிரிக்கு ஆறவிட்டு, அப்புறம் அதோட கலங்க. பார்லியோட நொதி ரெண்டுக்கும் சேர்த்து உழைக்கும். சோளத்துக்கு உமி இல்லாததால வடிகட்டும்போது அடைச்சுக்கும். ரெண்டு கை நெல் உமி போட்டா சரியாகிடும்.

முழுக்கச் சோளம்தான் வேணும்னா நொதியைத் தனியா வாங்கிச் சேர்க்கணும். நைஜீரியா 1988-ல் பார்லி மால்ட் இறக்குமதியை நிறுத்தினப்போ, அங்கே இருந்த பீர் ஆலைகள் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறினது இப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. முளைச்ச சோளத்தின் குருத்திலும் வேரிலும் சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு. காயவெச்சு, தேய்ச்சு, புடைச்சு எடுக்காம அரைக்கக் கூடாது.

பீர் வேண்டாதவங்களும் இதைக் கண்ணால பார்க்கலாம். கெட்டியான கேழ்வரகுக் கூழை வெதுவெதுப்பா ஆறவிடுங்க. முளைகட்டி, வறுக்காமக் காயவெச்ச கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன் போட்டுக் கிண்டுங்க. கொஞ்ச நேரத்தில் தண்ணியா இளகும். திரும்பக் கொதிக்கவெச்சுக் குடிங்க. வறுத்த மாவுல இது நடக்காது, சூட்டில் நொதி போயிருக்கும்.

ஆக, ஒரு மால்ட்டுக்கு இன்னொண்ணை மாத்துறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: மாவு இருக்கு சரி, உடைக்க யார் இருக்கா?

நேயரே, அடுத்த தடவை எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க.