பைக் கரும்புகை கக்குகிறதா? ஸ்க்ரூவைத் தொடும் முன்...

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின், புது பைக்குகளில் கார்புரேட்டர் அரிதாகிவிட்டது. வீட்டில் ஓடும் பழைய வண்டி மைலேஜ் குறைந்து, கரும்புகை கக்கினால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனையில் உலர்ந்த கரி படிந்திருக்கிறதா? காற்றுக்குப் பெட்ரோல் கூடிவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கோடு கரி என்றால், அது வேறு வியாதி.

உடனே ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டாம். சோக் முழுதாகத் திரும்பியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளுக்கு இதுவே போதும்.

பிறகும் புகைந்தால், வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்துங்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். இன்ஜின் சூடானதும், ஐடிலிங்கில் வைத்து ட்யூனிங் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே, இன்ஜின் பக்கம் இருந்தால் உள்ளே. இங்கேதான் பலர் தலைகீழாகத் திருப்பிவிடுகிறார்கள்! சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்துங்கள். வேகத்திலும் புகைந்தால் ஜெட்டோ, ஃப்ளோட் நீடிலோ தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக் வேலை.