உங்களுக்குத் தெரியுமா? ஐப்பசி மழைக்குப் பின் பூக்கும் செடிகள்

தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டிவிடுகிறது. நம் வீட்டுப் பூச்செடிகளில் பல இந்தக் கணக்கை அறிந்தவை. சித்திரை வெயிலிலிருந்து புரட்டாசிப் புழுக்கம் வரை குச்சியாக நின்றுவிட்டு, ஐப்பசி பிறந்ததும் துளிர்க்கும். ஆகவே ஆவணியில் தோட்டத்தைப் பார்த்து எந்தச் செடிக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். தண்டின் அடிப்பக்கத்தை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கிழங்குச் செடிக்கு அந்தச் சோதனைகூட வேண்டாம். தரைக்கு மேல் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அது பத்திரமாகத்தான் இருக்கும்.

● நம் மாநில மலர் செங்காந்தள் அந்த ரகம்தான். வறண்ட மாதங்களில் கலப்பை போல வளைந்த கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். ஈரம் பட்டதும் முளைத்து, இலையின் நுனியையே சுருட்டிக் கொக்கியாக்கி, பக்கத்திலிருக்கும் வேலியைப் பிடித்துக்கொண்டு ஏறும். பச்சையும் மஞ்சளுமாக விரியும் இதழ் நாளாக ஆக முழுச் சிவப்பாகிவிடும். ஒரே கொடியில் மூன்று நிறமும் தெரிவது அதனால்தான். ஈழத்தில் இதற்குக் கார்த்திகைப்பூ என்று பெயர். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே.

அழகுக்குக் கொடுக்கும் விலையும் உண்டு. செடி முழுக்க நஞ்சு; கிழங்கிலும் விதையிலும் அதிகம். அந்த நஞ்சான கோல்கிசினைத்தான் யூரிக் அமிலம் கூடி வரும் 'கௌட்' மூட்டுவலிக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் 'கண்வலிக்கிழங்கு' என்று பந்தலிட்டு வளர்ப்பது இந்த விதைக்காகத்தான். தவழும் குழந்தையோ, எதையும் தோண்டும் நாய்க்குட்டியோ இருக்கும் வீட்டில் இதை நடாமல் இருப்பதே நல்லது.

● கனகாம்பரமும் டிசம்பர் பூவும் நெருங்கிய சொந்தம். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்தது 2030. அதுவரை பொறுக்க முடியாதவர்களுக்கு வாசலிலேயே ஆண்டுதோறும் பூக்கும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள்.

● இந்தக் குடும்பத்தின் விதைப் பழக்கம் விசேஷமானது. கனகாம்பரத்தின் முற்றிய கதிர் காய்ந்து கிடக்கும்வரை பேசாமல் இருக்கும். மழைத்துளி பட்டதும் ஒவ்வொரு காயும் படீரென்று இரண்டாகப் பிளந்து விதையைத் தூர எறியும். காரணம் எளிது: ஈரமான மண் கிடைத்துவிட்டது, இப்போது விழுந்தால் முளைக்கலாம். தெருவோரத்தில் ஊதாப் பூ பூக்கும் பட்டாசுக்காய்ச் செடியும் இதே கூட்டம். அதன் காயை எச்சில் தொட்டுக் கையில் வைத்து வெடிக்கவிடாமல் வளர்ந்த கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. அதற்கும் கீழே கிழங்குபோல் தடித்த வேர் உண்டு. எத்தனை கோடை வந்தாலும் அசராது. தோட்டத்தில் ஒருமுறை புகுந்தால் போகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

● 'டெல்லி கனகாம்பரம்' மட்டும் இப்படி வெடிக்காது. அதில் குரோமோசோம் தொகுதி மூன்று இருப்பதால் விதை பிடிப்பதில்லை. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் உள்ள டெல்லி கனகாம்பரம் எல்லாம் குச்சி வெட்டி வெட்டிப் பரப்பியவையே. தண்ணீர் இருந்தும் கனகாம்பரம் மஞ்சளித்துச் சோர்ந்தால் வறட்சியைக் குறை சொல்லும் முன் வேரைப் பாருங்கள். நூற்புழு வேலையாக இருக்கலாம். இடையிடையே துலுக்கச் சாமந்தி நட்டால் அந்தப் புழு குறையும்.

● சில செடிகள் மழைக்கு மட்டுமல்ல, இருட்டுக்கும் காத்திருக்கின்றன. 1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். கோடை முழுக்கப் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகத்தைத் தினமும் சில மணி நேரம் கூடுதலாக இருட்டறையில் வைத்தபோது அது பூத்துவிட்டது. செடி கணக்கெடுப்பது பகலின் நீளத்தையல்ல, இடைவிடாத இரவின் நீளத்தை என்பது பின்னால் தெரியவந்தது. நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கைப் போட்டால்கூடச் சில செடிகளின் கணக்கு கலைந்துவிடும்.

சாமந்தி இந்த வகை. கார்த்திகை, மார்கழியில் அது பூத்துக் குலுங்குவதில் நீண்ட இரவுக்கும் பங்கு உண்டு. வணிகமாக வளர்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். இரவில் தோட்டத்தில் விளக்கெரித்து, மொட்டு வைப்பதைத் தள்ளிப்போட்டு, செடி வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை அணைக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் உச்சி இலைகள் சிவக்கும் பாயின்செட்டியாவும் அப்படித்தான். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. பாயின்செட்டியாவுக்கு அந்த வேறுபாடே போதும். உங்கள் பாயின்செட்டியா டிசம்பரிலும் பச்சையாகவே நின்றால் உரத்தைத் தேடிப் போகாதீர்கள். தெருவிளக்கு நேராக விழுகிறதா என்று பாருங்கள். தொட்டியை வீட்டுக்குப் பின்புறம் மாற்றிவைப்பது செலவில்லாத வைத்தியம்.

● காகிதப்பூச் செடியைக் கொஞ்சம் பட்டினி போட்டால்தான் பூக்கும். தினமும் தண்ணீர் ஊற்றினால் இலையாகத் தள்ளும். மண் காய விட்டால் கிளையெல்லாம் நிறம். நாம் பூ என்று நினைப்பது பூவை மூடியிருக்கும் வண்ண இலை. நிஜப் பூ அதற்குள் வெள்ளையாக, சின்னக் குழல்போல் இருக்கும். 1766இல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய பூகன்வில்லின் கப்பலோடு போன தாவரவியலாளர் கொமெர்சோன், இதைப் பிரேசிலில் சேகரித்துத் தலைவர் பெயரையே வைத்தார். அவருடைய உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ஜான் பாரே என்ற பெண்தான் உலகைச் சுற்றிய முதல் பெண் என்று வரலாறு சொல்கிறது. செடிக்கு அந்தம்மாள் பெயரை வைத்திருக்கலாம்!

● அந்திமந்தாரை காகிதப்பூவின் குடும்பம். கீரைக்காரம்மா கொண்டுவரும் மூக்கிரட்டையும் அதே குடும்பம். இவற்றின் சிவப்பு, பீட்ரூட்டைச் சிவப்பாக்கும் அதே வகை நிறமி. கோடையில் தண்டு கருகினாலும் அந்திமந்தாரையின் கிழங்கு சாகாது.

● 'பிரம்மகமலம்' என்று வீடுகளில் விளக்கேற்றி வைத்துப் பார்க்கும் இரவுப் பூ, இமயமலைப் பிரம்மகமலம் அல்ல. அது உத்தராகண்டின் மாநில மலர். நம் வீட்டில் இருப்பது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. இலைபோலத் தெரிவதெல்லாம் அதன் தண்டு. இரவில் விரிந்து விடிவதற்குள் வாடிவிடும். எந்த ஊர்ப் பூவானால் என்ன, கண் விழிக்கலாம்.

● நெடுநாள் காய்ந்த தொட்டி, தண்ணீரை ஏற்றுக்கொள்ளாது. மண்ணும் கோகோபீட்டும் சுருங்கி ஓரம் விட்டுப்போவதால், ஊற்றியது பக்கவாட்டில் வழிந்து அடித் துளை வழியாக ஓடிவிடும். வேர்ப்பந்து உள்ளே வறண்டே இருக்கும். மழை பெய்தாலும் இதே கதைதான். தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை விட்டு எடுங்கள். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால் மேல்மண்ணைக் கிளறி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஊற்ற வேண்டும்.

● முதல் மழை பெய்ததும் யூரியா போடும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். தழைச்சத்து கூடினால் செடி இலையில் செலவழித்துவிடும். அந்தப் பருவத்துப் பூ தள்ளிப்போகும். காய்ந்த கிளையை வெட்டிவிட்டு, ஒரு கைப்பிடி தொழு உரம் போட்டால் போதும்.

● வறட்சியில் செம்பருத்தி மொட்டெல்லாம் வெள்ளை அப்பிக் கிடப்பது மாவுப்பூச்சி. அதில் ஒரு வகையான பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008இல் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வயல்களைச் சூறையாடி வீட்டுச் செம்பருத்தியிலும் ஏறியது. 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து வரவழைத்த ஒரு குட்டிக் குளவியை வளர்த்து விட்டார்கள். அது அந்தப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை ஒடுக்கியது. கண்ணுக்கே தெரியாத அந்தக் குளவி உங்கள் தோட்டத்திலும் இருக்கலாம். கடுமையான மருந்தை அடித்தால் முதலில் சாவது அதுதான். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

● கடைசியாக, டிசம்பர் பூ. மணம் இல்லை, காசுக்கும் பெரிதாகப் போகாது. ஆனால் ஊதா, வெள்ளை, ரோஸ், கோடு போட்டது என்று மார்கழி வாசலுக்கு இதைவிடச் சுலபமான செடி வேறில்லை. பூத்து முடிந்ததும் தை மாதத்தில் பாதிக்கு வெட்டிவிடுங்கள்; வெட்டிய குச்சியை நிழலில் ஊன்றி ஈரம் காத்தால் வேர் பிடிக்கும். பக்கத்து வீட்டில் இருந்தால் அவர்கள் வெட்டும் நாளில் போய் ஒரு கைப்பிடிக் குச்சி கேட்டு வாங்குங்கள்.