யோர்க்ஷயர் டெரியர் வளர்க்கப் போகிறீர்களா?

பிள்ளைகள் நாய்க்குட்டி கேட்டு அடம்பிடித்தால், "சின்ன இனம்தானே, சிரமம் இராது" என்று நம்மில் பலர் யோர்க்ஷயர் டெரியரைத் தெரிவு செய்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் துணி ஆலைகளில் எலி பிடிக்க வளர்க்கப்பட்ட இனம் இது. வளர்ந்தாலும் ஏறக்குறைய 3 கிலோதான். துணிச்சலும் குரைப்பும் அதிகம்.

இதன் முடி நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சீவ வேண்டும். பற்கள் விரைவில் பழுதடையும் என்பதால் நாய்களுக்கான பற்பசையால் துலக்க வேண்டும். மூச்சுக்குழாய் மென்மையானது; கழுத்துப்பட்டியில் இழுக்காமல் மார்புப்பட்டி போடுங்கள். குட்டிகள் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சீனி குறைந்து மயங்கலாம். ஆகவே நாளுக்கு மூன்று நான்கு தடவை சிறிது சிறிதாகக் கொடுப்போம்.

நம் சமையலறையில்தான் கூடுதல் கவனம் தேவை. வெங்காயம், உள்ளி சேர்ந்த கறி, பாயசத்திலுள்ள திராட்சை வற்றல், சொக்லேட், சைலிட்டோல் கலந்த சுயிங்கம் எல்லாமே நாய்க்கு நஞ்சு. இந்தச் சிறிய உடலுக்குக் கொஞ்சமே போதும். தவறித் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். பாசத்தில் ஒரு வாய் ஊட்டிவிடும் அம்மம்மாவுக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வைப்போம்.