குளிர்ந்த பிளாஸ்மாவும் குடிநீரும்

திண்மம், திரவம், வாயு எனப் பருப்பொருளின் நிலை மூன்றென்று இளவகுப்பிற் கற்றோம். வாயுவொன்றின் மீது வன்மையான மின்புலம் தாக்குங்கால், அதன் மூலக்கூறுகள் சிலவற்றினின்றும் இலத்திரன்கள் பிரிந்துவிடுகின்றன. பிரிந்த இலத்திரன்களும், அவற்றை இழந்த அயன்களும், மாறுபடாத மூலக்கூறுகளும் விரவிய அந்நிலைக்கு 1928ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூர் பிளாஸ்மா எனப் பெயரிட்டார். ஞாயிறும் மின்னலும் பிளாஸ்மாவே. ஆதலின் அப்பெயரைக் கேட்டதும் வெம்மையே நம் மனத்தில் எழும். அங்ஙனமாயின், எளிதில் உருகும் பொலித்தீன் தாளிலும் நாம் பருகும் நீரிலும் அதனைப் பயன்படுத்துவது எவ்வாறு?

விடை இலத்திரனின் நிறையில் உள்ளது. ஐதரசன் அணுக்கருவின் நிறையில் ஏறக்குறைய 1836இல் ஒரு பங்கே இலத்திரனின் நிறை. மின்புலம் அதனை நொடிப்பொழுதில் முடுக்கிவிடுகின்றது. ஆயினும் பாரிய மூலக்கூறில் மோதித் தெறிக்கும்போது, மதிலில் எறிந்த பந்தைப்போல, அது தன் சத்தியில் மிகச் சிறு பங்கையே அதற்குக் கொடுக்கின்றது. எனவே மின்னிறக்கத்தை மிகக் குறுகிய நேரத்துள் நிறுத்திவிட்டால், இலத்திரன்கள் பதினாயிரக்கணக்கான பாகை வெப்பநிலைக்குரிய வேகத்தோடு திரிய, வாயுவோ அறை வெப்பநிலையை அடுத்தே நிற்கும். இதுவே குளிர்ந்த பிளாஸ்மா.

இந்நிறுத்தத்தைத் தானாகவே நிகழச் செய்யும் கருவியை ஜேர்மனியரான வேர்னர் சீமென்ஸ் 1857இல் அமைத்தார். லாங்மியூர் பெயரிடுதற்கு எழுபது ஆண்டுகள் முன்னரே பொருள் கைக்கு வந்துவிட்டது என்பது கருதத்தக்கது. ஒன்றனுள் ஒன்றாகச் செருகிய இரு கண்ணாடிக் குழாய்கள். அவற்றின் இடைவெளியிற் காற்று. கண்ணாடிக்கு அப்பால் இருபுறமும் மின்வாய்கள். அவற்றிடையே உயர்ந்த ஆடலோட்ட அழுத்தம். மின்னிறக்கம் தொடங்கியதும் ஏற்றங்கள் கண்ணாடியின் மேற் படிகின்றன. கண்ணாடி அவற்றைக் கடத்தாமையின், அவை எதிர்ப்புலத்தை உண்டாக்கி இறக்கத்தை அணைத்துவிடுகின்றன. ஓட்டம் திசைமாறும்போது மீண்டும் அது தோன்றுகின்றது. ஆதலால் ஒருபோதும் அது எரிக்கும் மின்வில்லாக வளர்வதில்லை.

இவ்விடைவெளியிற் செல்லும் ஒட்சிசன் மூலக்கூறு, இலத்திரன் தாக்க இரு அணுக்களாய்ப் பிளக்கின்றது. தனித்த அணு வேறொரு மூலக்கூறைப் பற்ற, மூன்று அணுக்கள் கொண்ட ஓசோன் பிறக்கின்றது. செலவிடும் மின்சத்தியிற் பெரும்பகுதி வெப்பமாகவே கழிகின்றது. வெப்பமோ ஓசோனைச் சிதைப்பது. ஆகவே குழாய்களை ஓயாது நீரினாற் குளிர்வித்தல் வேண்டும்.

இதே மின்னிறக்கம் பொலித்தீனுக்கும் உதவுகின்றது. காபனும் ஐதரசனும் மட்டுமேயான அதன் மேற்பரப்பில் நீர்த்துளி பரவாது திரண்டு நிற்கும். அச்சு மையும் ஒட்டாது. காப்புறையிட்ட உருளையின் மேல் தாளை ஓடவிட்டு அருகே மின்னிறக்கம் நிகழ்த்தினால், ஒட்சிசன் சேர்ந்த கூட்டங்கள் அதன் மேற்பரப்பிற் பிணைகின்றன. மாற்றம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கு ஆழத்தோடு நின்றுவிட, தாளின் வன்மை குன்றுவதில்லை. நாள் செல்லச் செல்ல இக்குணம் தேய்வதால், அச்சிடுதற்குச் சற்று முன்னரே இதனைச் செய்தல் நலம்.

குடிநீருக்கு வருவோம். பிரான்சின் நீஸ் நகரம் 1906இலேயே ஓசோனாற் குடிநீரைத் தூய்மை செய்யத் தொடங்கிற்று. எனினும் குளோரீன் மலிவானது. பல நாடுகள் அதனையே பற்றின. அதன் குறை 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் வெளிப்பட்டது. கிரிப்ரொஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி வடிகட்டிகளைக் கடந்து குழாய்நீரிற் புகுந்தது. தடித்த உறையுள் அடங்கிய அதனைக் குளோரீன் கொல்லவில்லை. ஏறக்குறைய நான்கு இலட்சம் மக்கள் வயிற்றோட்டத்தால் வருந்தினர். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் பலர் மாண்டனர். 1998இல் அந்நகரத்தார் ஓசோன் முறையை ஏற்றனர். அவ்வுறையையும் தாக்க வல்லது ஓசோன்.

ஆயினும் ஓசோன் நீரில் நெடுநேரம் நிலைப்பதில்லை. குழாய்வழியிற் காவலாகக் குளோரீன் சேர்ந்ததொரு பொருள் பின்னும் வேண்டப்படும். நீரிற் புரோமைட்டு இருப்பின் புரோமேற்று உண்டாகும். அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் விதித்த எல்லை இலீற்றருக்குப் பத்து மைக்கிரோகிராம்.

நீரின் மேலேயே காற்றில் பிளாஸ்மாவை உண்டாக்கும் புதிய முறையை இந்நாளிற் பலர் ஆராய்கின்றனர். ஐதரொட்சில் மூலிகங்களும் ஐதரசன் பேரொட்சைட்டும் அங்கே தோன்றி நுண்ணுயிர்களை அழிக்கின்றன. ஆனால் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன் அன்றோ? அதுவும் பிளந்து, ஒட்சிசனோடு கூடி, நீரிற் கரைந்து நைத்திரேற்று ஆகின்றது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணறுகள் பலவற்றில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று முன்னமே மிகுந்துள்ளது. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைப்பது அது. கிருமி நீக்கம் என்னும் பெயரைக் கேட்ட அளவில் இக்கருவியை இங்கே வாங்கி நிறுத்துவோர், கிருமியை நீக்கி நைத்திரேற்றைக் கூட்டியவராவர். ஓசோனும் நைத்திரேற்றை அகற்றாது. அதற்கு அயன் பரிமாற்றமோ, அழுத்தத்தால் நீரை நுண்சவ்வினூடு வடித்தலோ வேண்டும்.